இடிக்காமல் விட்ட இரும்பாலை: டூயிஸ்பர்க் பூங்காவும் எங்கள் ஊர் மில்களும்

ஜெர்மனியின் ரூர் பகுதியில், டூயிஸ்பர்க் நகரத்தில், மூடிப்போன ஓர் இரும்பாலையை இடிக்காமல் பூங்காவாக்கியிருக்கிறார்கள். மகள் பக்கத்து நகரமான டுசல்டார்ஃபில் குடியிருப்பதால், ஒரு ஜூன் மாதத்தில் அந்தப் பூங்காவுக்கு மூன்று முறை போய்வர எனக்கு வாய்த்தது. முதல் முறை பகலில் மகளோடும் பேத்தியோடும் போனேன்; இரண்டாம் முறை இரவு விளக்குகளைக் காணப் போனேன்; மூன்றாம் முறை துணைக்கு யாரையும் அழைக்காமல் நான் மட்டும் போய் மாலை முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கோவை சிங்காநல்லூரில் மில் சங்கைக் கேட்டு நேரம் பார்த்து வளர்ந்தவன் நான். என் தந்தை, நூல் முறுக்கும் எந்திரங்கள் ஓடும் ரிங் பிரேம் பகுதியில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்தக் கண்ணோடுதான் இந்தப் பூங்காவைப் பார்த்தேன், அந்தக் கண்ணோடுதான் இந்த மதிப்புரையையும் எழுதுகிறேன்.

போக விரும்புவோருக்கு வேண்டிய விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க் டூயிஸ்பர்க்-நோர்ட் என்பது பூங்காவின் முழுப் பெயர். டூயிஸ்பர்க் ரயில் நிலையத்திலிருந்து 903 எண் டிராமில் ஏறினால் பூங்காவின் பெயரிலேயே ஒரு நிறுத்தம் வருகிறது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும். நுழைவுக் கட்டணம் கிடையாது. இரவும் பகலும் திறந்திருக்கிறது. வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பதற்கும், சில விளையாட்டுகளுக்கும் மட்டும் தனிக் கட்டணம் உண்டு. பூங்காவின் பரப்பான 180 ஹெக்டேர் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 445 ஏக்கர் என்பதால், ஒரே நாளில் முழுவதையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

எந்நேரமும் திறந்திருப்பது என்பதைச் சிறிய செய்தியாக நான் கருதவில்லை. எங்கள் பகுதியில் உள்ள ஒரு பூங்காவைக் காலை நடைப்பயிற்சி முடிந்ததும் பூட்டிவிட்டு மாலையில்தான் மறுபடி திறக்கிறார்கள். சித்திரை வெயிலில், நிழல் முழுவதும் பூட்டிய கம்பிக் கதவுக்கு உள்ளே கிடக்க, கட்டட வேலைக்கு வந்தவர்கள் வெளியே நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்திருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பூங்கா யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு அது தேவைப்படும் வேளையில் மூடிக் கிடக்குமானால், அதில் எத்தனை செடி வைத்தும் பயனில்லை.

இந்த ஆலையை 1901ஆம் ஆண்டில் ஆகஸ்ட் தைசன் என்ற தொழிலதிபர் மைடெரிக் பகுதியில் தொடங்கினார். ஐந்து ஊது உலைகளாக வளர்ந்து, முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இரும்பை உருக்கிய ஆலை, ஐரோப்பாவில் எஃகு உற்பத்தி தேவைக்கு மிஞ்சிப் போன காலத்தில், 1985இல் நின்றது. ஐந்தாம் உலைக்கு அப்போது வயது பன்னிரண்டுதான். மூடிய ஆலைகளுக்கு வழக்கமாக நேர்வதே இதற்கும் நேர்ந்திருக்கும். பழைய இரும்பு விலைக்கு வெட்டி விற்றுவிட்டு நிலத்தைக் கூறு போட்டிருப்பார்கள். ஆனால் இடிக்கக் கூடாது என்று உள்ளூர் மக்கள் ஒன்றுகூடி நின்றார்கள். 1989இல் மாநில அரசு எம்ஷர் ஆற்றுப் பகுதி முழுவதையும் புதுப்பிக்கும் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது இந்த ஆலையும் அதில் சேர்ந்தது. வடிவமைப்புப் போட்டியில் பீட்டர் லாட்ஸ் என்ற நிலத்தோற்றக் கலைஞரின் திட்டம் தேர்வாகி, 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. இப்போது ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து போகிறார்கள்.

லாட்ஸ் செய்ததை ஒரே வரியில் சொல்வதானால், இருந்ததையே வைத்துக்கொண்டு வழியை மட்டும் திறந்துவிட்டார். தாதுவும் கரியும் ஏற்றி வந்த தண்டவாள மேடுகள் இன்று நடைபாதைகளாகவும் மிதிவண்டிப் பாதைகளாகவும் இருக்கின்றன. தாதுவைக் கொட்டி வைத்த கனத்த கான்கிரீட் தொட்டிகளின் சுவர்களை அறுத்து வாயில் வைத்து, உள்ளே சிறு சிறு தோட்டங்கள் போட்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டங்களுக்கு மேலாக ஓர் உயர்ந்த நடைபாலம் செல்கிறது. அதில் நின்று கீழே பார்க்கும்போது, நான்கு பக்கமும் கறுத்த சுவர் எழுந்து நிற்க, நடுவே ரோஜாவும் பெரணியும் வெளிச்சத்தைத் தேடித் தலை தூக்குவது, நம் தோட்டத்துக் கிணற்றின் கல்லிடுக்கில் செடி முளைத்திருப்பதைப் போலத் தோன்றியது. அயல்நாட்டுத் தாதுவோடு கப்பலில் வந்து விழுந்த விதைகளும் இந்த நிலத்தில் முளைத்துப் பரவியிருக்கின்றன. அவற்றையும் களை என்று பிடுங்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஐந்து உலைகளில் 1, 2, 5 ஆகிய மூன்று இன்னும் நிற்கின்றன. ஐந்தாம் உலையின் மேல் ஏறலாம். ஏறத்தாழ எழுபது மீட்டர் உயரம். இரும்புப் படிகளில் ஏறி ஏறி, ஒவ்வொரு தளத்திலும் நின்று, குழாய்களுக்கு இடையே கையை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகலாம். உருகிய இரும்பு வெளியேறும் வாயருகே நின்று வழிகாட்டிப் பெரியவர் விளக்கினார், மகள் மொழிபெயர்த்தாள். அந்த வாயைக் களிமண்ணால் அடைத்து வைப்பார்கள், நேரம் வந்ததும் துளையிட்டுத் திறப்பார்கள், மணலில் வெட்டிய வாய்க்கால் வழியே இரும்பு ஓடிவரும் என்றார். வாய்க்கால் அப்படியே இருக்கிறது. அதன் கரையில் சிந்திக் கெட்டியான கசடு ஒன்று, மெழுகுவத்தியில் வழிந்த மெழுகைப் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. “அப்புச்சி, இதுல தண்ணியா ஓடுச்சு?” என்று பேத்தி கேட்டாள். இரும்புதான் தண்ணீராக ஓடியது என்றேன். அவள் உடனே குனிந்து கையால் தொட்டுப் பார்த்தாள், இன்னும் சூடாக இருக்கிறதா என்று.

இந்த ஓர் அனுபவத்துக்காகவே பூங்காவுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அங்கே என்ன வேலை நடந்தது, எங்கே நின்று செய்தார்கள், எவ்வளவு உயரம் ஏறி இறங்கினார்கள் என்பதெல்லாம் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் விளங்கும்படி கண்முன் நிற்கின்றன. பல இடங்களில் பழைய ஆலையின் நினைவாகப் புகைபோக்கி ஒன்றை மட்டும் மிச்சம் வைத்து, சுற்றிலும் புல்தரை போட்டு, ஒரு பலகை நட்டுவிடுவதுண்டு. அது ஒரு நடுகல்லாக இருக்கலாம். அதைப் பார்த்து, அங்கே ஒருவர் எட்டு மணி நேரம் நின்று என்ன செய்தார் என்று யாரும் அறிய முடியாது.

பூங்காவின் நடுவே இரும்புத் தகடுகளால் ஆன சதுக்கம் ஒன்று உண்டு. பியாட்சா மெட்டாலிகா என்று பெயர். இரும்பை வார்க்கும் களத்தில் விரிக்கப்பட்டிருந்த கனத்த தகடுகளில் 49ஐத் தேர்ந்தெடுத்து, வரிசைக்கு ஏழாக ஏழு வரிசை பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த பக்கமுள்ள சதுரம். எடையோ பல டன். கொதிக்கும் இரும்பு ஆண்டுக்கணக்கில் பட்டதால் அவற்றின் முகம் அரித்து, வற்றிய குளத்தின் சேறு காய்ந்து வெடித்திருப்பதைப் போல இருக்கிறது. ஓரிடத்தில் குழிந்து, ஓரிடத்தில் வரிவரியாக ஓடி, எந்தத் தகடும் இன்னொன்றைப் போல இல்லை. மழை பெய்தால் அந்தக் குழிகளில் நீர் தேங்குகிறது, துரு மேலும் ஏறுகிறது. அதைத் தடுக்க அவர்கள் வண்ணம் பூசவில்லை. அன்று மதியம் தூறிய தூறலில் குருவிகள் அந்தக் குழிகளில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தன.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நொய்யல் கரைக்காரர்கள் கேட்க வேண்டிய கதை அது. பூங்காவின் ஊடே ஓடும் பழைய எம்ஷர், நூறாண்டுக் காலம் திறந்த சாக்கடையாக ஓடியது. அந்தப் பகுதி முழுவதும் பூமிக்கடியில் நிலக்கரி வெட்டியதால் நிலம் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. குழாய் புதைத்தால் உடைந்துவிடும் என்பதால் கழிவுநீர் அனைத்தையும் ஆற்றிலேயே விட்டு, ஆற்றைக் கான்கிரீட் வாய்க்காலாக்கிவிட்டார்கள். சுரங்கங்கள் வேறு பக்கம் நகர்ந்த பிறகுதான் கழிவுநீரைத் தனிக் குழாயில் பூமிக்கடியில் கொண்டுபோக முடிந்தது. பூங்காவில் அந்தக் குழாயை வாய்க்காலுக்கு அடியிலேயே பதித்து, மேலே மழைநீர் மட்டும் ஓடும்படி செய்திருக்கிறார்கள். ஆலைக் கூரைகளில் விழும் மழை, வெளியே தெரியும் குழாய்கள் வழியே பழைய குளிர்விப்புத் தொட்டிகளில் விழுந்து தெளிந்து வாய்க்காலுக்கு வருகிறது. காற்றாலைச் சக்கரம் ஒன்று அந்த நீரை மேலே ஏற்றித் தோட்டங்களுக்குத் தருகிறது. எம்ஷர் ஆறு முழுவதையும் மீட்கும் பெரும்பணி 1992இல் தொடங்கி, 51 கிலோமீட்டர் நீளக் கழிவுநீர்ச் சுரங்கக் குழாயோடு, 2021இன் இறுதியில் ஆற்றில் கழிவுநீர் கலப்பதை முற்றிலும் நிறுத்தியது. முப்பது ஆண்டுகளும் ஐநூறு கோடி யூரோவுக்கு மேலும் ஆகியிருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் தெளிந்த நீராகப் பிறக்கும் நொய்யல், சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைத் தாண்டிக் காவிரிக்குப் போகும் வழியை அறிந்தவர்களுக்கு, இந்த முப்பது ஆண்டு என்ற கணக்கு அச்சத்தையும் தரும், நம்பிக்கையையும் தரும். 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப் பட்டறைகள் மூடப்பட்டதை நாம் ஒரு முடிவாகப் பேசுகிறோம். எம்ஷரை வைத்துப் பார்த்தால் அது தொடக்கத்தின் முதல் படி.

மண்ணில் இருந்த நஞ்சையும் அவர்கள் மறைக்கவில்லை. மிகக் கெட்டுப்போன பகுதியின் கட்டடங்களை இடித்து, அந்த மண்ணை அங்கேயே இருந்த தாதுத் தொட்டிகளில் இட்டு, நீர் இறங்காதபடி மூடி, மேலே தோட்டம் அமைத்தார்கள். குறைவாகக் கெட்ட இடங்களில் தாமாக முளைத்த பிர்ச் மரங்களை வளரவிட்டு, மனித நடமாட்டத்தைக் குறைத்தார்கள். இந்த வகைப் பூங்காக்களுக்கு வழிகாட்டியாகச் சொல்லப்படும் அமெரிக்காவின் சியாட்டில் நகர எரிவாயு ஆலைப் பூங்கா, ரிச்சர்ட் ஹாக் வடிவமைப்பில் 1975இலேயே திறக்கப்பட்டது. எண்ணெய் ஊறிய மண்ணை நுண்ணுயிர்களைக் கொண்டு சீர்செய்ய முயன்ற முன்னோடி அவர். ஆயினும் பின்னாளில் அங்கே மண் பரிசோதனைக்காகப் பூங்காவையே சிறிது காலம் மூட வேண்டி வந்தது. திறப்பு விழாவோடு முடிந்துபோகும் வேலையாக இதை யாரும் நினைக்கக் கூடாது.

விளையாட்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 45 மீட்டர் விட்டமுள்ள பழைய எரிவாயுக் கலனில் நீர் நிரப்பி, பதின்மூன்று மீட்டர் ஆழத்தில் முக்குளிக்கப் பயிற்சி தருகிறார்கள். தாதுத் தொட்டிச் சுவர்களில் மலையேற்றச் சங்கத்தார் பிடிகள் அமைத்து ஏறுகிறார்கள். வார்ப்புக் கூடத்தில் கோடையில் திரைப்படம் காட்டுகிறார்கள். 170 மீட்டர் நீளமுள்ள மின்னாற்றல் கூடம் இப்போது பெரிய விழா அரங்கம். வார இறுதி இரவுகளில் ஜோனதன் பார்க் என்ற பிரித்தானியக் கலைஞர் அமைத்த விளக்குகள் உலைகளைச் சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் காட்டுகின்றன. ஜூன் மாதத்தில் இருட்டவே பத்து மணி ஆகிவிடும் என்பதால் குழந்தைகளோடு போகிறவர்கள் அதை எதிர்பார்க்க வேண்டாம். விளக்குகள் அழகுதான். ஆனால் எனக்குப் பகல் வெளிச்சத்தில் தெரிந்த துருவே போதுமாக இருந்தது.

குறை என்று சொல்ல இரண்டு உண்டு. உலையின் மேல்தளத்துக்குப் படிகளில் ஏறித்தான் போக வேண்டும்; படிகள் கம்பிச் சல்லடையாக இருப்பதால் காலடியில் ஆழம் தெரிகிறது. முழங்கால் வலி உள்ளவர்களும் உயரம் ஒவ்வாதவர்களும் கீழேயே நிறைவாகப் பொழுதைக் கழிக்கலாம் என்றாலும், இந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இன்று வயதானவர்கள் என்பதை நினைக்கும்போது அவர்கள் மேலே ஏற முடியாதது வருத்தமே. மற்றொன்று, மகள் இல்லாமல் போயிருந்தால் ஜெர்மன் மொழி அறியாத எனக்கு இவ்வளவு விளங்கியிருக்காது. வழிகாட்டியோடு போக நினைப்பவர்கள் ஆங்கிலச் சுற்றுலா எந்த நாளில் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் தொடங்கிய நூற்பாலையும், 1910இல் தோன்றிய லட்சுமி மில்லும் முன்னே வர, 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் வரிசையாக மில்கள் எழுந்தன. நகரம் வளர்ந்ததே அந்தச் சங்குகளைச் சுற்றித்தான். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கையில் இருந்த பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், பழைய ஸ்டேன்ஸ் ஆகிய மில்கள் 2020 மார்ச் ஊரடங்கோடு ஓட்டம் நின்றன. இரும்பாலை நிலத்தோடு ஒப்பிட்டால் நூற்பாலை நிலம் அவ்வளவு கெட்டது அல்ல. எந்திர எண்ணெய் ஊறிய தரையையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் கவனமாக அகற்றினால் பெரும்பாலான இடத்தில் மண் நல்ல மண்ணாகவே இருக்கும். சாயப்பட்டறை நிலம் வேறு. அங்கே உப்பும் கசடும் ஆழம் வரை இறங்கியிருக்கும், டூயிஸ்பர்க் பொறுமை தேவைப்படும்.

மும்பையில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. அங்கே மில் நிலத்தை விற்றாலோ மாற்றினாலோ மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், ஒரு பங்கு உரிமையாளருக்கும் என்று 1991ஆம் ஆண்டு விதி சொன்னது. 2001இல் அந்த விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும் அந்தப் பங்கு பொருந்தும் என்றாக்கினார்கள். 2006இல் உச்சநீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. கிரங்காவ் மில் பகுதியில் உயர்ந்த கோபுரங்களுக்கு இடையே இன்று எவ்வளவு பூங்கா இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் அந்த ஒரு திருத்தத்தின் விலை புரியும். கோவையில் மத்தியச் சிறை நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, நகரத்தின் நடுவே பெரிய நிலத்தை மக்களுக்கென ஒதுக்க நம்மாலும் முடியும் என்பது தெரிகிறது. ஒரே ஒரு மில்லையாவது, அதன் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமும் ரிங் பிரேம் கூடமும் சங்கும் நீர்க்குளமும் இருந்தபடியே, திறந்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை.

டூயிஸ்பர்க்கை அப்படியே நகலெடுத்தால் ஆகாது. நம் வெயிலில் இரும்புத் தரையில் மதியம் கால் வைக்க முடியாது. நிழல்தான் முதல் வேலை. கூரையை எடுத்துவிட்டு வடக்கு வெளிச்சம் வாங்கும் ரம்பப்பல் வடிவக் கூரைச் சட்டங்களை மட்டும் வைத்து, கொடி படரவிடலாம். வெளியே விலையுயர்ந்த புல்தரைக்குப் பதிலாக, காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் காலங்காலமாக இருப்பதைப் போலக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் வைத்தால், தண்ணீர் இல்லாத ஆண்டிலும் அது தாங்கும். மூடிய மில் வளாகங்களில் எருக்கும் ஆவாரையும் ஏற்கெனவே வந்துவிட்டன; சீமைக் கருவேலத்தை மட்டும் வேரோடு எடுக்க வேண்டும்.

என் தந்தை வேலை பார்த்த மில்லை, பெயர் வேண்டாம், சில ஆண்டுகளுக்கு முன் இடித்துவிட்டார்கள். முகப்புக் கதவும் கொஞ்சம் மதில்சுவரும் மட்டும் நிற்கின்றன. ஷிப்ட் முடிந்து வரும் தந்தையின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலில் தூக்குப்போசியைக் கழுவி வைத்த பிறகுதான் அதைத் துடைப்பார். அந்தக் கதவருகே வேப்பமரத்தடியில் பழைய தொழிலாளர்கள் சிலர் மாலையில் கூடிப் பேசுவது வழக்கம். ஒருநாள் காவலாளி வந்து, இது தனியார் இடம், நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்மேல் குற்றம் இல்லை. அவருக்கு இட்ட வேலை அது. மறுநாளிலிருந்து அவர்கள் யாரும் அங்கே போகவில்லை.

மூன்றாம் முறை பூங்காவுக்குப் போன அன்று, இரும்புத் தகட்டுச் சதுக்கத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த வேப்பமரத்தடிக் கூட்டத்தில் ஒருவரான, என் தந்தையோடு ஒரே ஷிப்டில் இருந்த பெரியவரைக் கைப்பேசியில் அழைத்தேன். எங்கள் ஊரில் அப்போது இரவு ஒன்பதரை, அவர் விழித்திருந்தார். உலைகளையும் குழாய்களையும் ஏணிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், “நம்மள மாதிரி ஆளுகள உள்ள உடறாங்களா கண்ணு?” என்று கேட்டார். விடுகிறார்கள், யாரும் எதுவும் கேட்பதில்லை என்றேன். “அப்படின்னா கேட்டைக் காட்டு” என்றார். எழுந்து, கைப்பேசியை அவர் பார்க்கும்படி முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, டிராம் நிறுத்தத்துப் பக்கம் நடந்தேன்.